கோமாரிக் கரையில் 113 கிலோமீற்றர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, கொலஸ்ட்ரோல், மாதவிடாய் நிற்கும் காலம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். விழாக்குழு கேட்டது வேறு. "நீங்கள் மூன்று பேரும் கோமாரியில் செய்த அந்த வேலையைச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆகவே இந்த உரை மூவரின் உரை. ஒருத்தி வைத்தியர், இப்போது ஒலிவாங்கியின் முன் நிற்பவர். ஒருத்தி கோமாரியிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியை. மற்றவள் வங்கி உத்தியோகத்தர். மூவரும் ஒரே வகுப்பு, ஒரே வலைப்பந்து அணி. மற்ற இருவரும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை.

டிரையத்லன் என்பது மூன்று போட்டிகளை இடைவெளியின்றி ஒன்றாகச் செய்வது: நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். இதன் நீண்ட வடிவம் 1978இல் ஹவாயில் தொடங்கியது. அன்று புறப்பட்டவர்கள் 15 ஆண்கள், முடித்தவர்கள் 12. அடுத்த வருடமே லின் லமேர் என்ற பெண் அதை முடித்துவிட்டார். அயர்ன்மேன் எனப்படும் அந்த முழுத்தூரத்தின் பாதி 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். கூட்டினால் 113. மைல் கணக்கில் 70.3 என்பதால் அந்த எண்ணாலேயே அழைக்கிறார்கள். 2018 பெப்ரவரியில் அது கொழும்புக்கும் வந்தது. காலிமுகத்திடல் கடலில் வெளிநாட்டவரும் நம்மவரும் இறங்கி நீந்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2020இலும் நடந்தது. பிறகு கொரோனா வந்தது.

எங்கள் கதை தொடங்கியது விளையாட்டு ஆசையில் அல்ல, பெற்றோல் இல்லாமையில்.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுகாதாரமும் அத்தியாவசியம்தான். ஆனாலும் வரிசை வரிசைதான். வைத்தியர் அந்த நாட்களில்தான் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினார். வயது 41. மூத்த பிள்ளைகள் இருவரும் பாடசாலையில். 11 வருட இடைவெளிக்குப் பிறகு வந்த மூன்றாவது பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். வீடு பொத்துவிலில், வேலை கோமாரிப் பக்கம். இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். மகனின் லுமாலா சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஆசிரியைக்கு வீடு கோமாரியில், பாடசாலை பொத்துவிலில். அவளும் சைக்கிள். காலையில் எதிரெதிரே வந்து, நடுவழியில் ஒரு பனைமரத்தடியில் நின்று இரண்டு நிமிடம் கதைப்போம். அக்கரைப்பற்றுக்குப் போக பஸ் இல்லாமல் வீட்டில் மாட்டிக்கொண்ட வங்கிக்காரி, ஒரு வயதுப் பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்க்கவே சைக்கிளில் வரத் தொடங்கினாள். யானை நடமாட்டம் உள்ள வீதி அது, ஆகவே நன்றாக விடிந்த பிறகுதான் வருவோம்.

ஆகஸ்ட் மாதம் அவள்தான் கேட்டாள்: "கொழும்புல ஓடினாங்களே, அது நம்மட றோட்டுல எவ்வளவு தூரம்?" கணக்குப் போட்டோம். 90 கிலோமீற்றர் என்றால் பொத்துவிலிலிருந்து கல்முனையைத் தாண்டி, களுவாஞ்சிக்குடிக்கும் அப்பால். மூவரும் சிரித்தோம். அடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டு வந்திருந்தோம்.

பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. 30 வாரம், வாரத்துக்கு ஆறு ஏழு மணித்தியாலம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்கடல் கொந்தளிக்கும், ஆகையால் அந்த மாதங்களில் நீச்சல் இல்லை. களப்பில் முதலை, ஆகையால் அதுவும் இல்லை. நாங்கள் சொல்ல வந்தது மூன்று விஷயங்கள்.

முதலாவது, கடல்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். எங்கள் ஆசிரியைத் தோழியின் தாயையும் தங்கையையும் கோமாரிக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு 18 வருடம் அவள் கடலில் கால் நனைக்கவில்லை. வீட்டு ஜன்னலைக்கூடக் கடல் தெரியாத பக்கமாக மாற்றி வைத்தவள். "ஓட்டமும் சைக்கிளும் நான் வாறன். கடலோட எனக்குக் கதை இல்ல" என்றாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. பல்கலைக்கழக நாட்களில் நீந்தப் பழகிய வைத்தியர், வங்கிக்காரிக்கு இடுப்பளவு நீரில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். முழுக்கையும் முழுக்காலும் மூடிய நீச்சலுடை. ஆசிரியையின் மாமா தமது படகைச் சற்றுத் தள்ளி நிறுத்திக் காவல் இருப்பார். அவள் கரையில் எங்கள் செருப்புகளோடு இருப்பாள்.

மூன்றாவது வாரம் எழுந்து வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் போய்த் தாண்டா நான் கரையில நிண்டு பாக்கணுமா?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். அன்று கணுக்கால் வரை. அடுத்த வாரம் முழங்கால். ஒக்டோபர் முடிவில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள், வெளியே வந்து நீண்ட நேரம் அழுதாள். இதைத் துணிச்சல் என்று நாங்கள் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பயம் போகல்ல, பயத்தோட நீந்தப் பழகிட்டன்" என்பதுதான் அவள் சொல்வது. சற்றுத் தெற்கே அறுகம்பையில் 2018இல் இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குச் சங்கம் தோன்றியது. அதில் தாய்மாரும் இருக்கிறார்கள். ஆனால் கோமாரியில் ஒரு பெண் கடலில் இறங்குவது, அதுவும் அந்தக் குடும்பத்திலிருந்து ஒருத்தி இறங்குவது, வேறு கணக்கு.

இரண்டாவது விஷயத்தை இந்த மண்டபத்தில் சொல்வது சுலபம், பெண்கள் மட்டும் இருக்கிறோம். மலரில் அச்சேறும்போது சிலர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை.

செப்டெம்பரில் வைத்தியர் ஓட்டப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார். சைக்கிளுக்கு வருவார், ஓட்டத்துக்கு வரமாட்டார். "கடமை கூடிப்போச்சு" என்றார். இரண்டு வாரம் போனது. ஒரு காலை வங்கிக்காரி வெட்கப்படாமல் சொன்னாள்: "எனக்கு ஓடினா மூத்திரம் கசியிது. இருமினாலும் வருது. இதுக்கு என்ன செய்யிற டொக்டர்?" வைத்தியர் உடனே, கிளினிக்கில் சொல்வதுபோல, தெளிவாக விளக்கம் சொன்னார். எல்லாம் சரியான விளக்கம். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே காரணத்தால்தான் அவரும் ஓட்டத்தை நிறுத்தியிருந்தார்.

மறுநாள் பனைமரத்தடியில் அதைச் சொன்னார். மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஆசிரியை கேட்டாள்: "டொக்டரே சொல்ல வெக்கப்பட்டா, மத்தவங்க யாரிட்டச் சொல்ற?"

இந்தக் கேள்விதான் எங்களை இன்று இங்கே நிறுத்தியிருக்கிறது. குழந்தை பெற்ற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்கு இந்தக் கசிவு உண்டு. இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். ஏணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதம் பாரம் சுமந்து, பிரசவத்தில் இழுபட்டு, அந்த ஏணைத் துணி தொய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியும் அதன்மேல் குதிப்பதற்குச் சமம். வயதானால் வருவது, பிள்ளை பெற்றால் வருவது, சகித்துக்கொள் என்று நம் உம்மாமாரும் அம்மாமாரும் சொல்லித் தந்தார்கள். அது தவறு. பெரும்பாலானவர்களுக்கு இது பயிற்சியால் குறையும்.

செய்முறை இதுதான். சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுங்கள். முடிந்த விநாடிகள் பிடியுங்கள், பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். மெல்ல மெல்ல பத்து விநாடிவரை கொண்டுபோகலாம். ஒரு தடவைக்கு குறைந்தது எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்க வேண்டாம், வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். பால் கொடுக்கும்போது செய்யலாம், பஸ்ஸில் செய்யலாம், இப்போது இந்தக் கதிரையில் இருந்தும் செய்யலாம். சிலர் தொடங்கிவிட்டீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. குறையாவிட்டால், அல்லது கீழே ஏதோ இறங்குவதுபோல் பாரமாக இருந்தால், வைத்தியரிடம் வாருங்கள். அங்கே கேட்க வெட்கப்படாதீர்கள், அவருக்கும் அது இருந்திருக்கலாம்.

இன்னும் இரண்டு வார்த்தை. பிரசவமான பெண்களும் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வேகநடை போதும். ஓட்டம் வேண்டுமானால் பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் பொறுத்திருங்கள். நாற்பது நாள் ஓய்வு என்று நம் வீடுகளில் வைத்திருக்கும் வழக்கம் நல்ல வழக்கம். பால்சுறாப் புட்டோடு அதை அனுபவியுங்கள். ஆனால் நாற்பது முடிந்த மறுநாள் முழு வீட்டு வேலையும் அவள் தலையில் இறங்குகிறதே, அது வழக்கமாக இருக்கத் தேவையில்லை.

மூன்றாவது விஷயம் அதைப் பற்றியதுதான்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் பயிற்சி நேரத்தை எழுதி வந்தோம். ஒரு நாள் வங்கிக்காரி, கணக்கு பார்க்கும் பழக்கத்தில், பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டாள். நாங்கள் வெளியே இருக்கும் நேரத்தில் வீட்டில் பிள்ளையைப் பார்த்தவர்கள் யார், எவ்வளவு நேரம் என்று. வைத்தியரின் மாமி, கணவர், மூத்த மகள். வங்கிக்காரியின் உம்மா. ஆசிரியையின் பெரிய மகன். படகோடு நின்ற மாமா. 30 வாரம் முடியக் கூட்டினோம். எங்கள் நிரலில் ஒவ்வொருத்திக்கும் சுமார் 195 மணித்தியாலம். மற்ற நிரலில் எல்லோருக்குமாக 430.

"பிள்ளைய உட்டுட்டு சைக்கிள் ஓடுறா" என்று ஊரில் சிலர் பேசியது எங்கள் காதுக்கு வந்தது. நாங்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவில்லை, ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனோம். ஆனால் அந்தக் கைக்கு ஒரு கணக்கு உண்டு என்பதைக் கொப்பி காட்டியபோதுதான் கண்டோம். காலையில் பால் எடுத்து வைத்துவிட்டுப் புறப்படும்போது மாமி எப்போதும், "மகள், நீ போய்ட்டு வா. புள்ளைய நான் பாக்கன்" என்பார். அவருக்கு முழங்கால் வலி. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். "உங்களுக்கு என்ன வேணும் மாமி?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கொப்பியைப் பார்த்த அன்று கேட்டார். மாமி யோசிக்கவே இல்லை. "அசருக்குப் பிறகு கடக்கரைக்கு ஒருக்கா நடந்து போகணும். ஆக்கள் இல்லாம தனியா" என்றார். எத்தனையோ வருடமாக மனதில் இருந்த ஆசை. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு பின்னேரம் அவருடையது. இன்றும்.

பிரித்தானியாவைச் சேர்ந்த சோஃபி பவர் என்ற தாயின் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 2018இல் அல்ப்ஸ் மலையில் 170 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தின் நடுவே, இளைப்பாறும் இடத்தில் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். காயம் என்றால் அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்கள், கர்ப்பம் என்றால் தரமாட்டார்கள் என்பது அந்தப் போட்டியின் அன்றைய விதி. 2022 ஒக்டோபரில், நாங்கள் கோமாரியில் தத்தளித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், 18 மாதக் குழந்தையின் தாயான அமெரிக்கப் பெண் செல்சி சொடாரோ ஹவாயில் அயர்ன்மேன் உலகப் பட்டத்தை வென்றார். பிரசவத்துக்குப் பிந்திய மனப்பதற்றத்தோடு போராடியதையும் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். இவர்களை மாமிக்குக் காட்டினோம். "இந்தப் புள்ளைகளுக்கும் வீட்டில ஆரோ இரிப்பாங்க" என்றார்.

2023 மார்ச், நோன்பு தொடங்குமுன் ஒரு விடுமுறை நாள். காலை 5.50க்குக் கோமாரிக் கடலில் இறங்கினோம். கரையோரமாக 475 மீற்றர் அளந்து, நான்கு தடவை. ஆசிரியை இரண்டு முறை படகைப் பிடித்து மூச்சு வாங்கினாள். 1 மணி 18 நிமிடம். கரையில் மாமியின் மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தான். வைத்தியர் உடை மாற்றிப் பால் கொடுத்தார். 22 நிமிடம். பிறகு சைக்கிள். தாண்டியடி, திருக்கோவில், அக்கரைப்பற்று, ஒலுவில். நிந்தவூர் அருகே மீற்றர் 45 காட்டியதும் திரும்பினோம். அக்கரைப்பற்றில் வங்கித் தோழிகள் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு வீதியில் நின்றார்கள். 4 மணி 45 நிமிடம். கால் மணி நேரம் இருந்துவிட்டு, பகல் 12.30க்கு ஓடத் தொடங்கினோம். அந்த வெயிலில் ஓடும்படி எந்த நோயாளிக்கும் நாங்கள் சொல்லமாட்டோம். பொத்துவில் பக்கமாக 10.5 கிலோமீற்றர் போய்த் திரும்பும்போது, 14ஆவது கிலோமீற்றரில் வங்கிக்காரிக்குத் தலை சுற்றியது. வைத்தியர் நிறுத்தினார். நிழலில் படுக்கவைத்து, உடலில் தண்ணீர் ஊற்றி, ஜீவனி கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 25 நிமிடம் இருந்தோம். அவளுடைய மகன் வீட்டில் இருக்கிறான், இது போதும் என்று சொன்னோம். நாடி இறங்கித் தெளிந்ததும், "நடந்தாவது வாறன், நீங்க ரெண்டு பேரும் முன்னுக்குப் போகக்கூடாது" என்றாள். மூவரும் நடந்தோம். கடைசி இரண்டு கிலோமீற்றர் மெல்ல ஓடினோம். பிற்பகல் 3.42. மொத்தம் 9 மணி 52 நிமிடம்.

இத்தகைய போட்டிகளில் வழக்கமாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், முழுவதற்கும் 8 மணி 30 நிமிடம்தான் அவகாசம். எங்களை முதல் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அதுமட்டுமல்ல, அத்தகைய போட்டிகளில் வெளியார் உதவி பெற்றால் தகுதியிழக்க நேரலாம். எங்களுக்கோ படகு, இளநீர், மாமியின் மடி, 430 மணித்தியாலம், எல்லாமே வெளியார் உதவி. விதிப்படி பார்த்தால் நாங்கள் முடிக்கவில்லை. கோமாரி ஆட்கள் அப்படிப் பார்க்கவில்லை. ஆசிரியையின் மாமா மட்டும் அவளைப் பார்த்து, "அக்கா கண்டிருந்தா பேசியிருப்பா, பிறகு சோறு போட்டிருப்பா" என்றார். அவள் தாயைப் பற்றி அந்தக் குடும்பத்தில் சிரித்துக்கொண்டு பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, நூறு வருடத்தில் எமது சங்கம் கட்டடம் கட்டியது, புலமைப்பரிசில் கொடுத்தது. அடுத்த நூறுக்கு ஒரு சிறிய வேண்டுகோள். பணம் தேவையில்லை. உங்கள் ஊரில், கல்முனையிலோ கனடாவிலோ, புதிதாகத் தாயான பழைய மாணவி ஒருத்தி இருந்தால், பிள்ளைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போகிறீர்கள் அல்லவா? அதோடு வாரத்துக்கு இரண்டு மணித்தியாலமும் கொண்டுபோங்கள். பிள்ளையை நீங்கள் வைத்திருங்கள், அவள் நடக்கட்டும், அல்லது உறங்கட்டும். புறப்படுமுன் "உடம்புக்கு எப்படி இருக்கு, மனதுக்கு எப்படி இருக்கு, ஏதாவது கசிகிறதா?" என்று கேளுங்கள். வைத்தியர் இப்போது தமது கிளினிக்கில் ஒவ்வொரு தாயிடமும் இந்த மூன்றையும் கேட்கிறார். கேட்டால் சொல்கிறார்கள். இவ்வளவு காலமும் நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு, பிள்ளையை வைத்திருக்கும் அந்த மாமியிடமும் உம்மாவிடமும் அம்மம்மாவிடமும், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

கொப்பி மூன்றாவது வரிசையில் இருக்கிறது. பார்க்க விரும்புபவர்கள் தேநீர் வேளையில் வாங்கிப் பார்க்கலாம்.